கானாடுகாத்தான்: பூட்டிக் கிடந்த வீடுகளில் விருந்தாளிகள்!

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால், காக்களூர் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருத்தணி. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் திருப்பதி. பிள்ளைகள் கடலும் படகும் கேட்டால் பழவேற்காடு. மூன்றுமே பக்கம், மூன்றுமே பழகிய வழி.

ஒரே ஒரு முறை வழியை மாற்றி, திருவள்ளூரில் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரல் வந்து, எழும்பூரில் பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்துவிட்டால், ராத்திரி காரைக்குடி. மறுநாள் காலையில் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் போனால் கானாடுகாத்தான். பெயர்தான் கிராமம். தெருவுக்குள் நுழைந்ததும் 'இது யார் வீட்டு அரண்மனை?' என்று கேட்கத் தோன்றும். நாலு அடி நடந்தால் அடுத்த அரண்மனை. அதற்கு எதிரே இன்னொன்று.

எல்லாமே வீடுகள்தான். பெரும்பாலானவற்றில் பூட்டு தொங்குகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில வீடுகளில் மட்டும் காலையிலேயே வாசல் தெளித்து, கோலம் போட்டு, கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில இன்று ஹோட்டல்கள்.

தெருவுக்குத் தெரு ஒரே வீடு

நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழ்ந்த ஊர்களின் தொகுப்புதான் செட்டிநாடு. 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபத்துச் சொச்சம் ஊர்கள் இருக்கின்றன. இங்குள்ள பெரிய வீடுகள் ஏறக்குறைய 1850-க்கும் 1940-களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழும்பியவை.

வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பைத் தாண்டினால் திண்ணை. வியாபாரம் பேசவும் வருகிறவர்களை உட்கார வைக்கவும் அந்த இடம். அதைத் தாண்டினால் வளவு, அதாவது வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றமும் அதைச் சுற்றி வரிசையாக அறைகளும். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, பந்தி நடக்கும் கூடம், கடைசியில் அடுப்படி. முன்வாசலில் நின்று பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நிலைக்கதவுகள் வழியாகப் பின்வாசல் வெளிச்சம் தெரியும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் சும்மா அழகுக்காக வைத்தவை அல்ல. ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதிக்கு ஓர் அறை. நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு 'புள்ளி'. கோயில் வரி கூடப் புள்ளிக் கணக்கில்தான். தம்பதியின் சீர்ப் பாத்திரங்களும் பட்டும் நகையும் அந்த அறையில் இருக்கும். படுப்பது, பேசுவது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் பொதுவான தாழ்வாரத்தில். கூட்டுக் குடும்பமும் வேண்டும், அவரவர் கணக்கும் தனியாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட திட்டம் இது.

வெயிலுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். தடிமனான சுவர், உயரமான கூரை, முற்றத்தின் வழியே மேலே போய்விடும் சூடான காற்று. தகரக் கூரை ஷெட்டுக்குள் மே மாதத்தைக் கழித்த ஒருவர் இந்த வளவுக்குள் மதியம் இரண்டு மணிக்குக் கால் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். சுவர்ப் பூச்சு சுண்ணாம்பில் செய்தது. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்து, பல அடுக்காகப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. தடவிப் பார்த்தால் பளிங்கோ என்று சந்தேகம் வரும்.

ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வரும்; மிஞ்சியது வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். வறண்ட சீமையில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று கட்டிய ஊர்கள் இவை.

பர்மா தேக்கும் பர்மா பணமும்

தூண்களுக்குப் பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலி பளிங்கு, சுவருக்கு பெல்ஜியம் கண்ணாடி, அலமாரிக்குள் சுவீடன் நாட்டு எனாமல் பாத்திரம் என்று உலகமே இந்த வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய் நகரத்தார் நடத்திய லேவாதேவித் தொழில் கொண்டுவந்த செல்வம் அது. கானாடுகாத்தானில் இன்றும் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போகும் செட்டிநாடு அரண்மனை, 1912-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது. 1929-ல் சிதம்பரத்தில் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிறுவனரும் அவர்தான்.

அந்தச் செல்வத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார் பெட்டிகளின் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. நிலத்தை இழந்தவர்களின் கோபமும் கூடவே வளர்ந்தது.

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு நிலங்கள் நாட்டுடைமையாயின. 1962-ல் ராணுவ ஆட்சி வந்ததும் மிச்சமிருந்த கடைகளும் வங்கிகளும் அந்த வழியே போயின.

பணம் வந்துகொண்டிருந்த குழாய் அடைபட்டுவிட்டது. வீடுகள் மட்டும் அதே அளவில் நின்றன.

27 கையெழுத்து

வருமானம் நின்றதும் குடும்பங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பெயர்ந்தன. அடுத்த தலைமுறை சிங்கப்பூர், அமெரிக்கா போனது. வீட்டுக்கு ஒரு காவலாளி. கல்யாணத்துக்கும் குலதெய்வப் படைப்புக்கும் மட்டும் பங்காளிகள் எல்லோரும் வந்து சேர்வார்கள். இரண்டு நாள் வளவு நிறைந்திருக்கும். "இது உங்க ஐயா தாலி கட்டின இடம்" என்று பேரப்பிள்ளைக்கு ஒரு அப்பத்தா காட்டிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் மீண்டும் பூட்டு.

இப்படிப்பட்ட வீட்டை யார் பழுது பார்ப்பது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு மூன்று பேர் என்றால் பேரன்கள் ஒன்பது. அதற்கடுத்த தலைமுறையில் 27 பேர். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்தது. நியாயமான சட்டம், அதோடு பங்குதாரர் பட்டியலும் நீண்டது. ஒருவர் கோவையில், இன்னொருவர் கலிபோர்னியாவில். வீட்டை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பெரிய செலவு செய்யவோ எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலையசைக்கவில்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

மழை யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருப்பதில்லை. கூரையில் நாட்டு ஓடு ஒன்று நழுவினால் போதும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் உள்ளே இறங்கும். முதல் வருஷம் சுவரில் ஒரு கறை. இரண்டாம் வருஷம் பூச்சு உப்பும். பிறகு கரையான் வரும், சட்டம் இற்றுப்போகும், ஒருநாள் ராத்திரி ஒரு பக்கக் கூரை உட்கார்ந்துவிடும். அதன் பிறகு பங்காளிகள் ஒத்துப்போவது சுலபம். இடித்து விற்றுவிடலாம் என்பதில் அவ்வளவாகச் சண்டை வராது.

அப்படி இடித்த வீடுகளின் மிச்சத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, ரவிவர்மா படம், ஜாடி, பாக்குவெட்டி, எனாமல் தூக்குவாளி எல்லாம் கிடைக்கும். ஆசையாக விலை கேட்கும்போதே, ஒரு வளவு கலைந்துதான் இது இங்கே வந்திருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வரும்.

ஸ்காட்லாந்திலும் இதே கதைதான்

பெரிய வீட்டைக் கட்டிவிட்டுக் காப்பாற்ற முடியாமல் திணறுவது செட்டிநாட்டுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. கடல் கடந்த வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த இன்னொரு சீமை ஸ்காட்லாந்து. அங்கேயும் கிராமப்புறங்களில் பிரபுக்கள் கோட்டை மாதிரி மாளிகைகள் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வரிச்சுமை ஏறியது, வேலையாட்கள் குறைந்தார்கள், மாளிகைகள் பாரமாயின.

அங்கே ஒரு விசித்திரமும் நடந்தது. கூரை இருக்கும் கட்டடத்துக்குத்தான் வரி என்பதால், சில உரிமையாளர்கள் தாங்களே கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அபெர்டீன்ஷைர் கடற்கரையில் இருக்கும் ஸ்லெயின்ஸ் கோட்டையின் கூரை 1925-ல் அப்படித்தான் போனது. 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் பக்கத்து ஊரில் வந்து தங்கிப் பார்த்த கோட்டை அது. இன்று மொட்டைச் சுவர்களாக நிற்கிறது.

இன்னொரு மாளிகைக்கு வேறு விதி அமைந்தது. பென் நெவிஸ் மலையடிவாரத்தில் 1863-ல் கட்டிய இன்வர்லோக்கி மாளிகையில், 1873-ல் விக்டோரியா மகாராணி ஒரு வாரம் தங்கி ஓவியம் வரைந்திருக்கிறார். 1969-ல் அதை ஹோட்டலாக்கினார்கள். கூரையும் இருக்கிறது, கணப்பில் நெருப்பும் எரிகிறது. தங்கக் காசு மட்டும் நிறைய வேண்டும்.

கூரை போன வீடு, வாடகைக்கு விட்டுப் பிழைத்த வீடு. கானாடுகாத்தான் பக்கமும் இந்த இரண்டையும் பார்க்கலாம்.

மகளுக்குக் கட்டிய வீடு

கானாடுகாத்தானில் இருக்கும் 'விசாலம்', ஒரு தகப்பனார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. 1930-களின் ஆர்ட் டெகோ பாணி. வளைவுகளும் நேர்கோடுகளுமாக, பக்கத்து வீடுகளைவிடக் கொஞ்சம் 'மாடர்ன்'. இன்று கேரளத்தைச் சேர்ந்த சி.ஜி.ஹெச். எர்த் நிறுவனம் அதை 15 அறைகள் கொண்ட ஹோட்டலாக நடத்துகிறது. மகளின் பெயர் அப்படியே வாசலில் இருக்கிறது.

காரைக்குடியில் 'தி பங்களா'. ஒரு பெரிய குடும்பத்து ஆண்கள் கூடிப் பேசவும் விளையாடவும் வைத்திருந்த பங்களா அது. 1990-களின் இறுதியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி அதை விருந்தினர்களுக்குத் திறந்தார். வாழையிலைச் சாப்பாட்டுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் அளவுக்கு அந்த அடுப்படி பேர் வாங்கியது. திருமயம் பக்கத்தில் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' இருக்கிறது. சங்கம் ஹோட்டல் குழுமம் சீரமைத்தது. கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' வீட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் பெர்னார்ட் டிராகன், மிஷேல் அத்மோ என்ற இரண்டு பிரெஞ்சு கட்டடக்கலைஞர்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதற்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

ஹோட்டலாக்குவது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. பழைய வீட்டில் அறைக்குள் குளியலறை கிடையாது. இன்றைய விருந்தாளிக்கு அது இல்லாமல் முடியாது. சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் இறங்காமல் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோக வேண்டும். தேக்கு உத்தரத்தைத் துளைக்காமல் மின்கம்பி இழுக்க வேண்டும். உடைந்த தரைக்கு ஆத்தங்குடி கல் வேண்டும்.

அந்தக் கல்லும் பார்க்க வேண்டிய விஷயம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, சில நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். நெருப்பே கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது கண்ணாடி போலவே மினுங்கும். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் மங்கிப்போகும்.

கிடைத்ததும் போனதும்

ஒரு வீடு ஹோட்டலானால் ஓட்டுக்காரருக்கும் தச்சருக்கும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் வேலை கிடைக்கிறது. கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, மசாலா சீயம் எல்லாம் செய்யத் தெரிந்த கைகளுக்குச் சம்பளம் கிடைக்கிறது. பிழைப்புக்காகத் திருப்பூரோ சென்னையோ போயிருக்க வேண்டிய பிள்ளைகள் சொந்த ஊரிலேயே வேலை பார்க்கிறார்கள்.

போனது என்ன என்றும் கேட்க வேண்டும். ஓர் இரவு வாடகை, தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பலரின் ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்த கூடத்தில் இப்போது பில் கட்டுகிறவர்கள் மட்டும் சாப்பிடுகிறார்கள். வளவில் தாலி ஏறிய தம்பதியின் அறைக்கு எண் போட்டுச் சாவி கொடுக்கிறார்கள். பூர்வீக வீட்டில் அந்நியர் படுப்பதா என்று வருத்தப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யில்லை.

ஆனால் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தால் வேறு எண்ணம் வரும். அங்கே முகப்பில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது. மாடத்தில் விளக்கு வைக்க ஆளில்லை. வீடு பூட்டிக் கிடப்பதைவிட யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவது மேல் என்றே சொல்லத் தோன்றும்.

எல்லா வீட்டையும் ஹோட்டலாக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எங்கிருந்து அத்தனை விருந்தாளிகள் வருவார்கள்? அதனால் சில குடும்பங்கள் சின்ன வழிகளைப் பார்க்கின்றன. பார்வைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டைத் திறந்து காட்டுவது, சினிமா ஷூட்டிங்குக்கு விடுவது, பங்காளிகள் ஒரு தொகை சேர்த்து வருஷா வருஷம் ஓடு மாற்றுவது. இதில் கடைசி வழிதான் அதிக வீடுகளுக்கு ஒத்துவரும். அதற்கு வேண்டிய பணத்தைவிட, பங்காளிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் கஷ்டம்.

போகிறவர்களுக்கு

நவம்பர் முடிந்து பிப்ரவரி வரை போனால் வெயில் தாங்கும். பல்லவனைத் தவிர, காரைக்குடி வழியாகப் போகும் வேறு ரயில்களும் உண்டு. 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே கானாடுகாத்தானை ஒட்டி ஒரு குட்டி ஸ்டேஷன் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்றால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் பழைய வீட்டு ஹோட்டலில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் சாப்பிடலாம். ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறையைப் பார்க்கலாம். அங்குள்ள பெரிய வீடு ஒன்றில் கட்டணம் கட்டி உள்ளே போகலாம். பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை இரண்டும் இதே பயணத்தில் அடங்கும்.

அவ்வளவு தூரம் இப்போதைக்கு முடியாது என்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா வரை போய்வரலாம். ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்கும்போது, பக்கவாட்டுத் திண்ணையில் காவல்காரர் உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். "உள்ளே பார்க்கலாமா அண்ணே?" என்றால், வீட்டுக்காரர்களின் அனுமதி இருக்கும் பட்சத்தில் முழ நீளச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வருவார். வெளியே வரும்போது அவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். தினமும் கதவைத் திறந்து, முற்றத்தைப் பெருக்கி, மழை நாளில் எந்த ஓட்டின் கீழே குண்டான் வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவர் அவர்தான்.